செலீன் சொன்ன பரவாயில்லை

“ஒரு தேசத்தின் மனச்சாட்சியை அதன் மாளிகைகளிலோ மேம்பாலங்களிலோ தேடாதீர்கள், தன் பிள்ளைகளில் மிக மெலிந்தவர்களை அது எந்தக் கையால் தாங்குகிறது என்பதில் தேடுங்கள்!”

வலுவிழந்தோர் நலன்பேணும் சங்கம் அரசாங்கத்துக்கு அனுப்பவிருந்த மகஜரின் முதல் வசனம் இது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றிலிருந்த ஒரு ரியூஷன் வகுப்பு மண்டபத்தில், தலைவர் பற்றிக் சூசைநாயகம் எழுந்து நின்று அதை வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் வாய் திறந்தது ஜவாஹிறாதான். அவளுடைய சக்கர நாற்காலி அவளுக்குச் சற்று ஒடுக்கமானது. கைப்பிடிகள் இருப்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

“மெலிஞ்சவங்களா? தலைவர், என்னயப் பாத்துக்கிட்டே அத இன்னொருக்கா வாசிங்க பாப்பம்.”

தலைவர் ‘மெலிந்தவர்களை’ வெட்டிவிட்டு ‘பலவீனமானவர்களை’ என்று போட்டார். உடனே கண் தெரியாத றேமண்ட் எழும்பி, தான் இன்றைக்கும் ஒரு மூட்டை அரிசியைத் தனியாக மாடிக்கு ஏற்றுகிறவன் என்று அறிவித்தார். ‘இயலாதவர்கள்’ என்றதும் “எது ஏலாது?” என்று பல பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். “எனக்கு மாத்துத் திறன் ஒண்டும் வேண்டாம், பழைய திறனைத் தந்தாப் போதும்” என்றார் ஊன்றுகோல் வைத்திருந்தவர். ‘விசேட தேவையுடையோர்’ என்ற யோசனையும் வந்தது.

“கக்கூசுக்குப் போறது விசேட தேவையா?” என்று ஜவாஹிறா கேட்டாள். தலைவர் அதையும் வெட்டினார்.

உதவிப்பணம் பற்றிய அரசாங்க யோசனைக்கு ஆட்சேபனைகளை அனுப்பக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. தன்னை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்வது என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது அதற்கு மறுநாள், சனிக்கிழமை. தலைவருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வசனம் அப்படியே கிடக்கிறது, இன்னொரு சந்தர்ப்பத்துக்கு ஆகும் என்றார். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குறைபாடு எது என்று சங்கத்தில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. கேட்பது மரியாதை இல்லையென்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து முழங்கை பிசகியதாகக் கேள்வி.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு தூணுக்குப் பின்னால் செலீன் இருந்தாள். அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். “அக்கா, அங்கயிருந்து தெரியுதா?” என்று நாற்காலி போட்டவர் கேட்டபோது, அவளுக்குத் தூணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. “பரவாயில்லை” என்று சொல்லியிருந்தாள்.

அரசாங்கத்தின் யோசனை சுருக்கமானது. உதவிப்பணம் வாங்குகிற எல்லோரையும் மறுபடி பரிசோதிப்பது. ‘உண்மையாகவே இயலாதவர்களை’ வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கழிப்பது. அந்த ‘உண்மையாகவே’ பத்திரிகையில் வந்த நாளிலிருந்து சங்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்கும் விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் “இப்ப நல்லா நடக்கிறீங்க” என்றால் சிரித்து நன்றி சொல்வார்கள். இப்போது அப்படிச் சொன்னவனை முறைத்துப் பார்த்தார்கள். தேநீர் வேளையில் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வடைத் தட்டை நோக்கி நேராக நடந்த றேமண்ட், பாதி வழியில் நினைவு வந்து, திரும்பிப் போய்த் தடியை எடுத்து, தட்டித் தட்டி இரண்டாந்தரம் வந்தார். தட்டில் வடை முடிந்துவிட்டிருந்தது.

செலீனுக்குச் சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. இரும்புக் கம்பியும் தோல்வாருமாக ஒரு கலிப்பரைக் காலில் மாட்டினார்கள். கூடவே ஒரு சொல்லையும் மாட்டிவிட்டார்கள் போலும். கலிப்பரையாவது படுக்கும்போது கழற்றலாம். பஸ்ஸில் எவராவது காலை மிதித்தால் “பரவாயில்லை.” பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகாமல் விட்டால் “பரவாயில்லை, சிஸ்டர்.” இருபத்தைந்து வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் தேநீர் குடித்து, செலீனைப் பார்த்து, கடைசியில் தங்கச்சி யோசெப்பினைக் கேட்டார்கள். அன்றைக்கும் அறைக்குள்ளிருந்து அந்தச் சொல்தான் வெளியே வந்தது. அது பொய்யா மெய்யா என்று அவள் நின்று யோசித்ததில்லை. சொன்னால் எதிரில் நிற்பவரின் முகம் லேசாகிவிடும். மற்றவர்களுடைய முகத்தை லேசாக்குவது தன் வேலைகளில் ஒன்று என்று அவள் பழகிக்கொண்டிருந்தாள்.

அந்த யோசெப்பினின் வீட்டில்தான் இப்போது இருக்கிறாள். தங்கச்சியின் புருஷன் இறந்துபோனார், பிள்ளைகள் வெளிநாடு. மாதாமாதம் உதவிப்பணம் வந்ததும் செலீன் தபால் கந்தோருக்குப் போய் எடுத்து, ஒரு பகுதியைக் கலிப்பர் வாருக்கும் ஓட்டோவுக்குமாக ஒதுக்கி, மிச்சத்தைத் தங்கச்சியின் கையில் வைப்பாள். பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் வைத்த அன்றைக்கு அவள் குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து, “என்ன, கறிக்கு உப்புக் குறையுது” என்று சொல்லுவாள். பணம் பிந்துகிற மாதங்களில் உப்பைப் பற்றி ஒன்றும் கதைக்கமாட்டாள். அந்த வீட்டில் அவள் குடியிருப்பவளா விருந்தாளியா என்பது அதில்தான் இருந்தது.

இந்த நிலைமையில்தான் அவளுக்கு ஒரு புதுமை நடந்திருந்தது.

கத்தோலிக்கர்கள் புதுமை என்று சொன்னால் அற்புதம் என்று அர்த்தம். போன வருடம் கோயில் வளவில் குணமளிக்கும் வழிபாடு வைத்தார்கள். கனடாவிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். வெள்ளை சூட், காதோரம் ஒட்டிய மைக். யோசெப்பின் செபக்குழுவில் முக்கியமானவள். அக்காவின் முழங்கையைப் பிடித்து மேடைவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பிரசங்கியார் செலீனின் தலையில் கைவைத்து நெடுநேரம் செபித்தார். வியர்த்து ஒழுகினார். கடைசியில் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

“சகோதரி, இப்ப எப்பிடி இருக்கு?”

அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மனுசன். அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். கால் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. செலீன் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

“பரவாயில்லை, பிரதர்.”

“பரவாயில்லை என்கிறார்! அல்லேலூயா!” என்று அவர் முழங்கினார். பக்கத்தில் நின்று சிங்களத்தில் மொழிபெயர்த்த பாடகர்குழுப் பெண் ஒரு நொடி தடுமாறினாள். பரவாயில்லை என்பதற்கு அவளுக்குச் சட்டென்று சொல் வரவில்லை. சனம் காத்துக்கொண்டிருந்தது. “சனீபய்!” என்றாள். சுகமாகிவிட்டது என்று அர்த்தம். வளவு முழுக்கக் கைதட்டியது. கோயிலின் முகநூல் பக்கத்தில் அந்தக் காட்சி சிங்கள எழுத்தோடு ஏறியது. மறுநாள் பூசைக்கு செலீன் வழக்கம்போல டக் டக் என்று கலிப்பரோடு வந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. “சுகம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும்” என்று யோசெப்பின் எல்லோருக்கும் விளங்கப்படுத்தியிருந்தாள். சிலர் செலீனின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தன் மகனின் பரீட்சைக்காகச் செபிக்கச் சொன்னாள். அதற்கும் செலீன் மறுக்கவில்லை.

மீளாய்வுக்காக வீடு பார்க்க வந்த கிராம சேவகர் ஒரு சிங்களப் பிள்ளை, தங்கமான பிள்ளை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். தேநீரைக் குடித்துவிட்டு, சங்கடத்தோடு தன் போனைத் திறந்து காட்டினாள். அந்தக் காட்சியை அவளுடைய அம்மாவே அவளுக்கு அனுப்பியிருந்தார்.

“ஆன்ட்டி, இதுல சொல்லுது தானே, சனீபய் எண்டு. நான் எப்பிடி இல்ல எண்டு எழுத?”

“இல்ல மகள், நான் சொன்னது பரவாயில்லை எண்டுதான்...”

“அதுவும் சனீப தானே ஆன்ட்டி?”

செலீன் நீளச் சட்டையின் கீழ்விளிம்பைச் சற்றுத் தூக்கிக் கலிப்பரைக் காட்டினாள். “அப்ப இது?” என்று பிள்ளை கேட்டாள். செலீன் வாயைத் திறக்குமுன் குசினி வாசலிலிருந்து யோசெப்பினின் குரல் வந்தது.

“அது பழக்கத்துக்குப் போட்டுக்கொண்டு திரியிறா. அக்கா, ஆண்டவர் தந்தத இல்ல எண்டு சொல்லாதீங்க, பாவம்.”

“யோசெப்பின், உதவிப்பணம் நிக்கப்போகுது.”

யோசெப்பினுக்கு அது உறைத்தது. ஒரு கணம் புதுமைக்கும் பணத்துக்கும் நடுவில் நின்றாள். செபக்குழுவில் இந்தப் புதுமைக்குப் பிறகுதான் அவளுக்கு முன்வரிசை கிடைத்திருந்தது. “பாதரட்டக் கேட்டுப் பாப்பம்” என்றாள்.

பாதர் றெஜி இளம் குருவானவர். கோயில் கூரைத் திருத்தத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். சேர்க்கும் துண்டுப்பிரசுரத்தில் செலீனின் படம் இருந்தது. கேட்டதும் அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“செலீன் அக்கா, என்ன கடிதம் வேணும் எண்டுறீங்க?”

“புதுமை நடக்கேல்ல எண்டு ஒரு கடிதம், பாதர்.”

“நான் எப்பிடி அக்கா, ஆண்டவர் ஒண்டும் செய்யேல்ல எண்டு லெட்டர்ஹெட்டில அடிக்கிறது?”

“அப்ப என்ர கால வந்து பாருங்க.”

“கால் இல்ல இப்ப பிரச்சினை. விசுவாசம்.” அவர் மேசையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. கூரை உண்மையாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. “பாருங்க, குணம் எண்டால் பலமாதிரி. உடம்புக்கும் வரும், உள்ளத்துக்கும் வரும். உங்களுக்கு உள்ளத்தில ஒரு ஆறுதல் வந்ததுதானே?”

செலீன் யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு மேடையில் அவளுக்கு வந்தது கால்வலி. ஆனால் பாதரின் முகம் அவ்வளவு ஆவலாக இருந்தது.

“பரவாயில்லை, பாதர்.”

“அவ்வளவுதான் வேணும்!” என்று அவர் மகிழ்ந்து, தன் கையாலேயே தட்டச்சு செய்து கடிதம் கொடுத்தார். செல்வி செலீனின் உள்ளத்தில் நிகழ்ந்த குணத்துக்கு ஆலயம் சாட்சி கூறுகிறது. கால் சம்பந்தமாக ஆலயம் எவ்வித அபிப்பிராயமும் தெரிவிக்க விரும்பவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் செலீன் தன் வாயைத் தானே சபித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் அவள் வெள்ளவத்தைக்குப் போனாள். ஜவாஹிறா ஐந்தாம் மாடியில் ஒரு பிளாட்டில் மச்சாளோடு இருக்கிறாள். லிப்ட் மனம் வைத்தால் இறங்குவாள். மற்ற நாட்களில் பல்கனியில் இருந்து ரயிலையும் கடலையும் ஊரையும் ஏசிக்கொண்டிருப்பாள். செலீன் நடந்ததைச் சொன்னாள். ஜவாஹிறா சிரித்து முடிக்கவே நேரமெடுத்தது.

“யா அல்லாஹ்! எங்களுக்கு வெட்டப்போறான் எண்டு நாங்க ஒப்பாரி வெச்சுக்கிட்டீக்கிறம். நீ ஒன்னயே வெட்டிக்கிட்டு வந்தீக்கிறாய். கெவுர்மேந்துக்கு வேலையே இல்ல.”

“சும்மா இரு ஜவா. மறுபடி பரிசோதிக்க வைத்திய சபைக்கு முன்னால வரச்சொல்லியிருக்கினம். அங்க என்ன சொல்றது எண்டு தெரியேல்ல.”

“என்ன செல்லுவாய்? கொஹொமத எண்டு கேப்பான் டாக்டர். நீ?”

“கால் ஏலாது எண்டு சொல்லுவன்.”

“செல்லிக் காட்டு. இந்தா, நான்தான் டாக்டர்.” ஜவாஹிறா முகத்தை இறுக்கமாக்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கினாள். “கொஹொமத அம்மே? எப்பிடிச் சுகம்?”

“பரவா...” என்றுவிட்டு செலீன் வாயைப் பொத்தினாள்.

இன்னும் பலமுறை பழகிப் பார்த்தார்கள். “கஷ்டம்” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். செலீன் சொன்னாள், ஆனால் சொன்னவுடன், எதிரில் இருப்பவருக்கு மனம் நோகுமோ என்று பின்னாலேயே “பரவாயில்லை” ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. ஜவாஹிறாவின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

“நானும் ஒரு காலத்துல உன்னயப் போலதான் ஈந்தேன்” என்றாள். “தூக்குறவங்களுக்குப் பாரமா ஈக்கேன் எண்டு, பசிச்சாலும் பசிக்கல்ல எண்டு செல்லுவேன். பொறகு யோசிச்சேன். நாங்க நல்லா ஈக்கிறம் எண்டு ஊருக்குக் காட்டவே ஆயுசெல்லாம் முடிஞ்சிச்சு. இப்ப ஒரு நாளைக்குக் கூப்புட்டு, உன்ட ஆக மோசமான நாளக் காட்டு எண்டுறான். எங்க போய் எடுக்கிற? அத நாங்க ஒருத்தருக்கும் காட்டாம எங்கேயோ வெச்சிட்டம்.”

கீழே, காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ்கள் கத்திக்கொண்டு போயின. செலீனுக்கு அது சரியென்று பட்டது. அவளுடைய மோசமான நாட்கள் ஏராளம். மழைக்காலத்தில் வார் நனைந்து தோல் உரிந்த நாட்கள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் இருந்து எழும்ப முடியாமல் கிடந்தபோது யோசெப்பின் “என்ன செய்யுது அக்கா?” என்று வெளியிலிருந்து கேட்ட நாள். ஒவ்வொன்றின் மேலும் அந்தச் சொல்லைப் போட்டு அவளேதான் மூடியிருந்தாள்.

“ஒரு வழிதான் ஈக்கிது” என்றாள் ஜவாஹிறா. “வாயத் தொறக்காத. கேட்டா, சட்டயத் தூக்கிக் காலக் காட்டு. கால் பேசட்டும். நீ பேசின வரைக்கும் போதும்.”

வைத்திய சபை பிரதேச செயலகத்தின் கீழ்மாடி மண்டபத்தில் கூடியது. செலீன் கணுக்கால்வரை தொங்கும் நல்ல சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு, கையில் செபமாலையோடு போனாள். வாசலில் நின்ற பெண் உத்தியோகத்தர் வயதைப் பார்த்து இரக்கப்பட்டு, வரிசையைத் தாண்டி அழைத்துப்போய், டாக்டர் வேறொருவரின் பத்திரக் கோவையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளை மேசைக்கு முன்னால் நாற்காலியில் இருத்திவிட்டார். ஆகவே அவள் நடந்து வந்ததை டாக்டர் பார்க்கவில்லை. அவர் நிமிர்ந்தபோது மேசைக்கு மேல் செலீனின் பாதி மட்டுமே தெரிந்தது. அந்தப் பாதி ஆரோக்கியமாகவே இருந்தது.

“கொஹொமத அம்மே?” என்றார் டாக்டர், அன்பாக.

செலீன் பற்களை இறுக்கிக் கடித்தாள். சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

டாக்டர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவர் தமிழில் கேட்டார். “அம்மா, எப்பிடி இருக்கிறீங்க? சுகமா?”

இது முன்னதைவிட ஆபத்து. செலீன் செபமாலை மணியொன்றை நகத்தால் அழுத்தினாள். வாய் திறக்கவில்லை. பதிலுக்குக் குனிந்து சட்டை விளிம்பைப் பிடித்தாள். அவள் எதற்குக் குனிகிறாள் என்று விளங்கியதும் டாக்டர் கூச்சத்தோடு இரு கைகளையும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம், அம்மா. வயதான பெண்ணை மண்டபத்தின் நடுவில் சட்டையைத் தூக்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை. தவிர, கோவையில் கால் பற்றித் தெளிவாக எழுதியிருந்தது. கிராம சேவகரின் அறிக்கை: சனீபய். பாதரின் கடிதம் தமிழில் இருந்ததால் அதைப் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே வைத்தார்.

அவர் இன்னொரு கேள்வி கேட்டார். பிறகு அதையே உரத்துக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அவளுடைய காதுக்கருகில் வந்து கத்தினார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செலீன் அசையவில்லை, இந்த அளவுக்குத் தன்னால் வாயைக் கட்ட முடியும் என்று அவளே நம்பியிருக்கவில்லை. யாரோ பின்னால் ஓசைப்படாமல் வந்து, தலைக்குப் பின்னால் பட்டென்று கைதட்டினார்கள். உள்ளுக்குள் துள்ளிப்போனாள். ஆனால் திரும்பவில்லை.

“அனே பவ்!” என்று டாக்டர் பெருமூச்சு விட்டார். ஐயோ பாவம். பிறகு எழுதுகிறவரிடம் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார். கால் சுகமாகிவிட்டது, ஆனால் இரண்டு காதும் முழுக்கப் போய்விட்டது. இத்தனை வருடம் ஒருவரும் இதை எழுதவேயில்லை, பாருங்கள்.

செலீனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கொட்டாஞ்சேனையில் பிறந்தவள்.

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். ஐயோ டாக்டர், எனக்குக் காது கேட்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் நினைத்தாள். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அந்தச் சின்ன இடைவெளிக்குள் அவளுக்குத் தோன்றியது. கால் ஏற்கெனவே சுகம். இப்போது காதும் சுகமாகிவிடும். ஒரே ஆளுக்கு இரண்டாவது புதுமை. பாதர் அடுத்த துண்டுப்பிரசுரம் அடிப்பார். பணம் நின்றுவிடும், கறிச் சட்டியைத் திறந்து பார்க்கவே இனித் தேவையிருக்காது.

இன்னொன்றும் தோன்றியது, அது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்தரமாக ஒரு உத்தியோகத்தர் அவளைப் பார்த்து, இவளுக்கு ஏலாது, இவளுக்கு உதவவேண்டும் என்று, அவள் கேளாமலே சொல்லிக்கொண்டிருந்தார். விசயம் பிழை. ஆனால் சொன்ன குரல் சரியாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளுடைய தோளில் தட்டி, பெரிய பெரிய உதட்டசைவுகளோடு, “போங்க அம்மா, சரி, சரி” என்றார்.

உதவிப்பணம் நிற்கவில்லை. அந்தச் சுற்றில் றேமண்டுக்கு நின்றது. கதிரையைத் தானாகக் கண்டுபிடித்து உட்கார்ந்து, கேட்டபோது அதை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டாராம். சங்கத்தில் செலீன் உண்மையைச் சொன்னபோது தலைவர் பற்றிக் சூசைநாயகம் அதில் பாதியைக் கேட்டுவிட்டு, இது சங்கத்தின் அயராத போராட்டத்துக்குக் கிடைத்த முதலாவது வெற்றி என்று கூட்டக் குறிப்பில் போடச்சொன்னார். றேமண்டைப் பற்றி ஒரு புதிய மகஜர் எழுதுவதென்றும் தீர்மானமாயிற்று. முதல் வசனம் தயாராக இருந்தது.

“போய்த் திருத்தச் சொல்லட்டோ?” என்று செலீன் ஜவாஹிறாவைக் கேட்டாள். “எனக்கு றேமண்ட் முகத்தப் பாக்க ஏலாம இருக்கு.”

“திருத்து. ஆனா திருத்தப் போனா முதல்ல நீ பேசணும். பேசினவுடன காது கேக்குற எண்டு வெட்டுவான். கால் எப்பவோ வெட்டியாச்சு. பொறகு ஒனக்கு என்ன மிச்சம் ஈக்கிது? வாய்.”

றேமண்டுதான் அவளைத் தேற்றினார். “விடு பிள்ளை. உண்மையச் சொல்லி எனக்குப் போனது. சொல்லாம உனக்கு வந்தது. ரெண்டுலயும் நாங்க செய்த பிழை ஒண்டும் இல்லை” என்றார். அவருக்கு அது வலிக்கவில்லை என்று செலீன் நம்பவில்லை. ஆனால் அவருடைய குரலில் அவளுக்கு நன்றாகப் பழக்கமான ஏதோ ஒன்று இருந்தது. அந்த மாதம் பணம் எடுத்ததும், தங்கச்சிக்குக் கொடுக்குமுன் ஒரு பங்கை எடுத்து அவருடைய கையில் திணித்தாள். அவர் வாங்க மறுத்து, பிறகு வாங்கினார். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் உப்பைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. கதைத்திருக்கலாம் என்று யோசெப்பின் முகத்தில் எழுதியிருந்தது.

பிறகு ஒரு நாள் கிராம சேவகர் பிள்ளை, வைத்திய சபை எழுதியதை அப்படியே நம்பி, ஓட்டோவில் வந்து, கையால் பெரிய பெரிய சைகைகள் காட்டி, செலீனை ஏற்றிக்கொண்டு போனாள். பிரதியமைச்சர் ஒருவர் தலைமையில், செவிப்புலனற்றவர்களுக்கு இலவசக் காதுக்கருவி வழங்கும் விழா. வாழைமரம், குத்துவிளக்கு, பாண்ட் வாத்தியம். மேடையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். பிரதியமைச்சர் நீண்ட நேரம் உரையாற்றினார். மண்டபம் முழுக்க அமைதியாக, அவருடைய உதடுகளையும் மேலே சுழன்ற மின்விசிறியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் காணவில்லை. செலீனுக்குப் பக்கத்தில் ஒரு இளம் தாய், மடியில் தூங்கிய குழந்தையின் தலையைத் தடவியபடி, எப்போது முடியும் என்று கண்ணால் கேட்டாள். தெரியாது என்று செலீன் தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். உத்தியோகத்தர்கள் வரிசை வரிசையாக ஓடி, தோளைத் தட்டித் தட்டி ஆட்களைத் தேடினார்கள்.

ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டவுடன் எழும்பி நின்றது செலீன் ஒருத்திதான்.